துடக்கில் போன பத்து வாக்கு

தேர்தலில் எனக்கு நம்பிக்கை போய் நாளாகிவிட்டது. முப்பத்திரண்டு வருடம் பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தவன் நான். எத்தனை பிரமுகர்களுக்குக் கதிரை துடைத்துப் போட்டிருப்பேன், எத்தனை அடிக்கல்லுக்கு மாலையும் தேங்காயும் வாங்கிக் கொடுத்திருப்பேன். அந்த அடிக்கல்லுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் மேல் எழும்பவேண்டிய கட்டடங்கள்தான் இல்லை. ஆடுகள் அதில் ஏறி நின்று வேலியில் குழை கடிக்கும். ஆகையால் ஒருவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு என் படலையைத் திறக்கும்போதே, அவருக்கு என்ன வருத்தம் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் ஊர் மல்லாவியிலிருந்து உள்ளுக்கு, குளத்து வாய்க்காலோடு நீளமாகக் கிடக்கும் ஊர். காணி கிடைக்கும் என்று யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து வந்த சனத்தின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இங்கே பாதிப் பேர். காடு வெட்டினார்கள், யானைக்குப் பயந்து பரண் கட்டினார்கள், சண்டைக்கு ஓடினார்கள், முகாமில் கிடந்தார்கள், திரும்பி வந்தார்கள். இவ்வளவு பட்டும் சாதி என்ற ஒன்றை மட்டும் கைவிடவில்லை. இன்றைக்கும் ஒருவன் புதிதாக வந்தால், எந்தப் பகுதி, யாருடைய ஆள் என்று விசாரித்த பிறகுதான் தேத்தண்ணி வைப்பார்கள். பதுங்குகுழிக்குள் கிடந்தபோது பக்கத்தில் கிடந்தவன் எந்தப் பகுதி என்று இவர்கள் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. ஓடு போட்ட வீடு வந்ததும் எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

கடைசியாக நடந்த பிரதேச சபைத் தேர்தலில் எங்கள் வட்டாரத்துக்கு ஐந்தாறு பட்டியல் வந்தது. மெய்யான போட்டி இரண்டு பேருக்குத்தான்.

ஒருவர் மணல் ஏற்றுகிறவர். மூன்று உழவு இயந்திரமும் ஒரு டிப்பரும் வைத்திருக்கிறார். எங்கள் கோவில் பரிபாலன சபைத் தலைவரின் மருமகன். அவருடைய துண்டுப்பிரசுரத்தில் 'மண்ணின் மைந்தன்' என்று போட்டிருந்தது. அந்த மண்ணில் கால்வாசியை அவர் ஏற்கெனவே ஏற்றி விற்றுவிட்டார் என்பதை மட்டும் போடவில்லை. மனிசர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கெட்டவனாக இருப்பதற்கும் கொஞ்சம் யோசிக்கத் தெரிய வேண்டும். மேடையில் எழுதிக் கொடுத்ததை வாசிப்பார், இடையில் வரும் 'கைதட்டல்' என்பதையும் சேர்த்து வாசிப்பார். சனமும் தட்டும்.

மற்றவர் பால் சேகரிக்கிற பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். வாய்க்கால் கடைசியில் இருக்கும் பதினெட்டு வீடுகளில் ஒன்று அவருடையது. காலை ஆறு மணிக்கு அவர் வீட்டு வாசலில் பால் கான்கள் வரிசைக்கு நிற்கும். எந்த மாடு எத்தனை போத்தல் கறக்கும், யார் தண்ணீர் விட்டுக் கொண்டு வருகிறார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மாதர் சங்கத் தலைவியும் அவர்தான். பட்டியலில் பெண்களுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்ததால் ஒரு கட்சிக்காரர் வந்து, "சும்மா பேருக்கு ஒருக்கா நில்லுங்கோ அக்கா" என்று கேட்டிருக்கிறார். அவர் பேருக்கு நிற்கவில்லை. மெய்யாகவே நின்றார். கட்சிக்காரருக்கே அது பிடிக்கவில்லை.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், மதகு. ஊரையும் அந்தப் பதினெட்டு வீடுகளையும் இணைக்கும் பாதையில், வாய்க்காலுக்கு மேலே ஒரு மதகு இருக்கிறது. மணல் உழவு இயந்திரங்கள் ஓடி ஓடி அதன் ஒரு பக்கம் உடைந்து விழுந்துவிட்டது. சைக்கிள் போகும், மோட்டார் சைக்கிள் பார்த்துப் போகும். வேறொன்றும் போகாது. மணல்காரர் தன்னுடைய வாகனங்களுக்குக் காட்டுப் பக்கத்தால் வேறு பாதை வெட்டிக்கொண்டார். சபையில் ஒரு கதிரை கிடைத்தால் முதல் வேலை மதகு என்று அந்தப் பெண் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். வானூர்தி நிலையம் கட்டுவேன் என்று சொல்லியிருந்தால் சனம் இன்னும் கொஞ்சம் மதித்திருக்கும்.

வாக்களிப்புக்குப் பதின்மூன்று நாள் இருக்கும்போது அவருடைய மாமனாருக்கு நெஞ்சு நோவு வந்தது. அம்புலன்ஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது, வந்து மதகுக்கு இந்தப் பக்கம் நின்றது. ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் கிழவரை இருத்தி, மகன்மார் நாலு பேர் தூக்கிக்கொண்டு வயல் வரம்பால் வந்தார்கள். சித்திரை மழை பெய்து வரம்பு சறுக்கியது. இரண்டு தரம் இறக்கி வைத்தார்களாம். அம்புலன்ஸில் ஏற்றும்போது மூச்சு இருந்ததாக ஒருவர் சொன்னார், இல்லை என்று இன்னொருவர் சொன்னார். வழியிலேயே முடிந்துவிட்டது.

செத்த வீட்டில் மணல்காரர் வெள்ளை வேட்டியோடு முன்வரிசையில் இருந்தார். பந்தல் கதிரைகள் தன்னுடைய உபயம் என்று நாலு பேருக்குக் கேட்கச் சொன்னார். மதகைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

இனித்தான் என்னுடைய கதை வருகிறது. அதைச் சொல்லுமுன் மடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் எப்போதும் பள்ளிக்கூடத்தில்தான் வாக்களிப்பு. அந்த வருடம் காற்று அடித்துப் பள்ளிக்கூடக் கூரை போய்விட்டது. திருத்த வேலை நடந்துகொண்டிருந்தது. கிராம சேவகர் வேறு மண்டபம் தேடி என்னிடம் வந்தார். நான் கோவில் பரிபாலன சபையின் செயலாளர். அன்னதான மடத்தைத் தருகிறோம் என்று உடனே கடிதம் எழுதிக் கொடுத்தேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய காசில் மாபிள் பதித்து, ஆறு மின்விசிறி பூட்டி, கழிப்பறையும் கட்டியிருந்தோம். கொழும்பிலிருந்து வரும் அதிகாரிகள் அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. பார்த்து என்ன செய்யப் போகிறார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை.

மடத்து வாசலில் ஓர் அறிவித்தல் பலகை உண்டு. முன்பொரு தரம் கலியாண வீட்டுக்காரர் மடத்தில் ஆட்டிறைச்சி காய்ச்சிச் சாராயமும் ஊற்றிய பிறகு, பலகை போட வேண்டும் என்று சபையில் தீர்மானித்தோம். வாசகம் எழுதும் வேலை எனக்கு வந்தது. மதுவும் மாமிசமும் கூடாது என்று எழுதச் சொல்லித்தான் சபை கேட்டது. எழுதிப் பார்த்தேன், வசனம் மொட்டையாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய கோவிலில் பார்த்த பலகை ஞாபகம் வந்தது. 'மது, மாமிசம் பாவித்தவர்களும் துடக்குடையவர்களும் உட்பிரவேசிக்க வேண்டாம்' என்று எழுதினேன். அப்போதுதான் அது கோவில் பலகைபோல இருந்தது. வவுனியாவில் கொடுத்து நீல நிறத்தில் எழுதுவித்தோம்.

துடக்கு, தீட்டு என்பதில் எனக்கு ஒரு சதத்துக்கும் நம்பிக்கை இல்லை. என் தகப்பனார் செத்த எட்டாம் நாள் நான் கந்தோரில் கோப்புப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் ஊர் அப்படியில்லை. செத்த வீட்டுக்காரருக்கும் அவர்களுடைய ஆண்வழிச் சொந்தத்துக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு. அதுவரை கோவில் வாசலை மிதிக்கமாட்டார்கள், மற்றவர் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டார்கள். பலகை போடும்வரை மடம் வெறும் மடம். துடக்குக்காரரும் வந்து கூட்டங்களில் இருந்திருக்கிறார்கள். என் வசனம் ஏறிய நாளிலிருந்து மடமும் கோவிலாகிவிட்டது.

கிழவரின் சொந்தத்தில் வாக்குள்ளவர்கள் பதினொரு பேர். அவருடைய மனைவி, நாலு மகன்மார், மூன்று மருமக்கள், தம்பியார், தம்பியாரின் மனைவியும் மகனும். மருமக்களில் ஒருவர்தான் எங்கள் வேட்பாளர்.

கடைசிப் பன்னிரண்டு நாளும் அந்தப் பெண் ஒருவர் வீட்டுக்குள்ளும் போகவில்லை. படலைக்கு வெளியே தெருவில் நின்றபடி வாக்குக் கேட்டார். எங்கள் சனத்தின் பெருந்தன்மையை அப்போது பார்த்திருக்க வேண்டும். "மாமன் செத்த ஈரம் காயேல்லை, இவா வோட்டுக்குத் திரியிறா" என்று சொன்னவர்கள், அதே வாயால் மணல்காரரின் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வாக்களிப்புக்கு மூன்று நாள் இருக்க, பின்னேரம் அவர் என் படலையிலும் வந்து நின்றார். நான் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் எனக்குப் பெயர் இல்லை, கிளாக்கர்தான்.

"கிளாக்கர் ஐயா, உள்ளுக்கு வரேல்லை. துடக்கு. இதிலை நிண்டே கதைக்கிறன்" என்றார்.

"வாரும் பிள்ளை. நான் உதொண்டும் பாக்கிறேல்லை."

"நீங்கள் பாக்கமாட்டியள் எண்டு தெரிஞ்சுதான் வந்தனான். ஆனால் அக்கா பாப்பா. இதிலை நிக்கிறன்." என் மனைவி குசினிக்குள் அடுப்பு வேலையாக இருந்தார். "மடத்திலை அந்தப் போட் பலகை இருக்கெல்லே. அதை அண்டைக்கு ஒரு நாளைக்குக் கழட்டி வைக்க ஏலாதோ?"

"ஏன்? அது தன்ரை பாட்டிலை கிடக்குது. சட்டப்படி வாக்குப் போட வாற ஒருத்தரையும் ஒருத்தரும் தடுக்கேலாது."

"சட்டம் எனக்கும் தெரியும் ஐயா. மாமிக்குத் தெரியாது. நான் சொன்னால் என்ரை தேவைக்குச் சொல்லுறன் எண்டு நினைப்பினம். செயலாளரா நீங்கள் ஒருக்கா வந்து, அது மடம், கோவில் இல்லை, வாங்கோ எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் வருவினம். பதினொரு வோட் ஐயா. இந்த முறை பத்துப் பதினைஞ்சிலைதான் எல்லாம் நிக்குது."

நான் என்ன செய்தேன்? விரிவுரை செய்தேன். இந்த நூற்றாண்டிலும் துடக்கு, தீட்டு என்று திரிந்தால் நாங்கள் எப்படி உருப்படுவது என்றேன். வாக்கு என்பது உரிமை, அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்றேன். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. ஒரு சொல்லுக்கும் பிரயோசனம் இல்லை. அவர் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டார். கேட்டு முடிய, "அப்ப வருவியளோ ஐயா?" என்றார்.

"பாப்பம்" என்றேன்.

அவர் போன பிறகு என் மனைவி வெளியே வந்தார். "இவ்வளவு பிரசங்கம் ஏன்? போட்டிலை ரெண்டு ஆணிதானே. போய்க் கழட்டுங்கோவன்" என்றார். சபையின் அனுமதி இல்லாமல் செயலாளர் அப்படிச் செய்ய முடியாது என்று நான் விளக்கினேன். "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த ஓமில் மரியாதை இருக்கவில்லை.

அடுத்த நாள் தலைவரிடம் போனேன். மருமகன் தேர்தலில் நிற்கிறார் என்பதை இருவரும் மறந்தவர்கள் மாதிரி வேறு கதைகள் கதைத்தோம். வெளிக்கிடும்போது, போகிற போக்கில் கேட்பதுபோல, "துடக்குக்காரச் சனம் கொஞ்சம் இருக்குது, போட்டை ஒரு நாளைக்கு எடுத்து வைச்சால் என்ன?" என்றேன். தலைவர் வெற்றிலைத் தட்டத்தை என் பக்கம் தள்ளினார்.

"நீர் எழுதின போட்தானே. நீரே கழட்டச் சொல்லுறீர். சாமி விசயம். இலக்சனுக்குச் சாமி ஒரு நாள் லீவிலை போகுமோ?"

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அவர்கள் தலைவருக்காகச் சிரித்தார்கள். நான் காளாஞ்சிக்காகச் சிரித்தேன். திருவிழாவில் பூசை முடிய ஐயர் முதலில் தலைவருக்குக் காளாஞ்சி கொடுப்பார், அடுத்தது எனக்கு. ஒரு வெற்றிலை, ஒரு பாக்கு, ஒரு வாழைப்பழம். அதைச் சனத்துக்கு முன்னால் வாங்கிப் பழகிய மனிதன் எதற்கும் சிரிப்பான்.

நான் வாய்க்கால் கடைசிக்குப் போகவில்லை.

வாக்களிப்பு நாள் காலையிலேயே நான் வாக்குப் போட்டுவிட்டேன். அந்தப் பெண்ணுக்குத்தான் போட்டேன். அதனால் என் கடமை முடிந்தது என்று மனதுக்குள் ஒரு திருப்தியும் இருந்தது. பிறகு தெருவுக்கு அந்தப் பக்கம் கடை வாங்கில் போய் இருந்துகொண்டேன். தலைவர் இன்னும் வசதியாக, மடத்துக்கு எதிர்வீட்டு வாசலில் கதிரை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு இருந்தார். ஒரு சட்டத்தையும் மீறவில்லை. ஒருவரோடும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

பத்து மணிக்கு மணல்காரரின் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதல்நாளே அவர்களுக்கு எங்கேயோ காட்டுக்கரையில் ஊற்றியிருந்தார்கள். காலையிலும் தொடர்ந்திருக்கிறது. ஒருவன் மடத்து வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினான், கழற்றிய செருப்பை மறுபடி போட்டான், பிறகு கழற்றினான். பலகைக்கு நேரே நின்றுதான் இவ்வளவும். மது பாவித்தவர்கள் வர வேண்டாம் என்று நீல நிறத்தில் பெரிதாக எழுதியிருக்கிறது. நெடி தெருவுக்கு இந்தப் பக்கமும் அடித்தது. ஒருவன்கூட பலகையை நிமிர்ந்து பார்க்கவில்லை. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ தேவாரம் முணுமுணுத்தார். ஒவ்வொருவனாக உள்ளே போய், விரலில் மையோடு வந்து, அந்த விரலைத் தலைவருக்குக் காட்டிவிட்டுப் போனான்.

பதினொரு மணிக்கு வாய்க்கால் கடைசியிலிருந்து அவர்கள் வந்தார்கள். மதகடிக்கு நடந்து வந்து, அங்கிருந்து ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி வந்திருந்தார்கள். பதினொரு பேரும் குளித்து, தோய்த்த உடுப்போடு, வாக்காளர் அட்டையைக் கையில் வைத்திருந்தார்கள். கிழவி முன்னால் நடந்தார். மடத்து வாசலில் வந்து நின்று பலகையை வாசித்தார். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார். நான் வாங்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுதிய ஒன்றை ஒருவர் அவ்வளவு கவனமாக வாசித்து அதற்கு முன்பு நான் கண்டதில்லை.

காவலுக்கு நின்ற பொலிஸ்காரர், "போங்க அம்மா, போங்க" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். கிழவி அவரைப் பார்க்கவில்லை. சுற்றிப் பார்த்து என்னைக் கண்டுபிடித்தார்.

"கிளாக்கர் தம்பி, உள்ளை போகலாமோ?"

தெருவின் ஒரு பக்கம் தலைவர், மறுபக்கம் நான். நான் எழும்பிக்கூட நிற்கவில்லை. "போங்கோவன் அம்மா, ஒண்டும் நடக்காது" என்றேன். பஸ்ஸில் இடம் இருக்கிறது, இருங்கோ என்று சொல்வதைப்போலச் சொன்னேன். கூட வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லவில்லை. இது கோவில் இல்லை என்றும் சொல்லவில்லை. கிழவி தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணைத் திறந்து, கிழவியை ஒரு தரம் பார்த்து, திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய பிரசாரம் முழுவதும் அவ்வளவுதான்.

"வேண்டாம்" என்றார் கிழவி. "அவர் போய்ப் பதின்மூண்டு நாள். நாங்கள் வாசல் மிதிச்ச பாவம் அவருக்குப் போய்ச் சேரும். வாங்கோ பிள்ளையள்."

மகன்மார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பெண் மாமியின் கையைப் பிடித்து ஏதோ மெதுவாகச் சொன்னார். கிழவி தலையை ஆட்டினார். பதினொரு பேரும் திரும்பிப் போய்ப் பெட்டியில் ஏறினார்கள். அந்தப் பெண்ணும் ஏறினார், என் பக்கம் பார்க்கவேயில்லை.

மூன்றே முக்காலுக்கு, வாக்களிப்பு முடியக் கால் மணித்தியாலம் இருக்கும்போது, அவர் தனியே சைக்கிளில் வந்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பலகையைத் தாண்டி நேரே உள்ளே போனார். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்து சைக்கிளில் ஏறிப் போனார்.

உள்ளூராட்சித் தேர்தலில் பெட்டியை வேறிடம் கொண்டு போவதில்லை. வாக்களித்த இடத்திலேயே எண்ணுவார்கள். ஆறரை மணிக்கு முடிவு வந்துவிட்டது. மணல்காரர் மூன்று வாக்கால் வென்றார்.

மூன்று. ஒரு வீட்டுக்காரர் ஓட்டோவில் ஏறி மல்லாவிச் சந்தைக்குப் போனால் அதில் இருப்பவர்களின் தொகை. அந்த மூன்றோடு கதை எங்கள் ஊருக்குள் முடிந்திருந்தாலும் பரவாயில்லை. சபையில் இரண்டு பக்கமும் சரிக்குச் சரியாக வந்து, மணல்காரரின் ஒரு கதிரையால்தான் தவிசாளர் யார் என்பதே தீர்மானமானது. நன்றிக்கு அவரை உபதவிசாளராக்கினார்கள். ஐம்பது அறுபது ஊர்களின் தெருவும் லைற்றும் சந்தையும் யார் கையில் என்பதை, எங்கள் மடத்து வாசலில் நின்ற ஒரு கிழவியின் பாவபுண்ணியக் கணக்குத் தீர்த்தது. நிபுணர்கள் தொலைக்காட்சியில் வந்து, மக்கள் தெளிவான ஆணை வழங்கியிருக்கிறார்கள் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

வெடி கொளுத்தி, மணல்காரரைத் தோளில் தூக்கி மடத்துக்குள் ஆடினார்கள். செருப்போடுதான். ஆடி முடிய, தலைவர் ஆளைவிட்டு மடத்தை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவுவித்தார். துடக்குக்காரி ஒருத்தி உள்ளே வந்து போனதற்காக.

ஒரு மாதத்துக்குப் பிறகு அதே மடத்தில் உபதவிசாளருக்குப் பாராட்டு விழா. வாழ்த்துரை எழுதும் வேலை செயலாளருக்கு. எழுதினேன். 'ஏழைகளின் இதயம் அறிந்தவர்' என்றும் எழுதினேன். நானே வாசித்தேன். குரல் நன்றாக இருந்தது என்று பலரும் சொன்னார்கள். உபதவிசாளர் தன் முதல் வேலையாகக் கோவில் முன்வீதிக்குக் கல்லுப் பதித்துத் தருவதாக அறிவித்தார். கைதட்டினோம்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, துடக்குக் கழிந்த பிறகு, ஒரு காலை அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தார். இந்த முறை படலையைத் திறந்து உள்ளே வந்தார். என் மனைவி கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். மதகைத் திருத்தித் தரச் சொல்லிச் சபைக்கு ஒரு மகஜர் எழுத வேண்டும் என்றார். அவருடைய ஓரகத்தி ஒருவர் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறார், மாரிக்குள் நாள் வருகிறது என்றார்.

"உவையளுக்கு மகஜர் குடுத்து என்ன பிள்ளை நடக்கப் போகுது? வீண் வேலை" என்றேன்.

"நடக்குமோ நடக்காதோ எண்டு உங்களிட்டைக் கேக்க வரேல்லை ஐயா. எழுதத் தெரிஞ்ச ஆள் நீங்கள்தான் எண்டு வந்தனான்."

எழுதினேன். மனிசனாகப் பிறந்து நான் எழுதியவற்றுள் அதுதான் ஒழுங்கானது. வாழ்த்துரையில் இருந்த சோடனை ஒன்றும் அதில் இல்லை. கதிரையில் கிழவரைத் தூக்கி வந்ததை எழுதினேன். இரண்டு தரம் இறக்கி வைத்ததையும் எழுதினேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார். நாலு நாளில் பதினெட்டு வீட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். கூட்டி வாசிக்கத் தெரிந்த கிழவிக்குக் கையெழுத்து வராது, கைநாட்டு வைத்திருந்தார். பெருவிரல் அடையாளம் ஆழமாகப் பதிந்திருந்தது.

மேலே ஒரு இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். அதைக் காட்டி, "இதிலை நீங்களும் ஒரு கையெழுத்து வையுங்கோ. கோவில் செயலாளர் எண்டு போட்டு. உங்கடை பேர் மேலை இருந்தால் அவை தூக்கி எறியமாட்டினம்" என்றார்.

பேனை என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனித் திருவிழாவுக்கு மூன்று கிழமை இருந்தது. தலைவரின் முகம் ஒரு தரம் வந்து போனது.

"நான் எழுதிக் குடுத்தனான்தானே பிள்ளை" என்றேன். "கையெழுத்து வைக்கிறது... செயலாளரா இருந்துகொண்டு அது சரிவராது. நான் உதுகளுக்குள்ளை வாறேல்லை."

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மகஜரை மடித்துப் பால் கணக்குக் கொப்பிக்குள் வைத்தார். தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் குசினி வாசலில் வைத்தார். என் மனைவியிடம் போயிட்டு வாறன் என்று சொன்னார். படலையடியில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, என்னை நேரே பார்த்து, துடக்குக்காரரை விசாரிப்பதுபோலத்தான் கேட்டார்.

"உங்கடை வீட்டிலை ஆர் ஐயா செத்தது?"